கொட்டாரம் கேட்டில் ரயில் வராத நேரம்

எனக்குப் பிடித்த படங்களில் ஒன்றும் நடக்காது. ஒருவன் பேருந்துக்கு நிற்பான், பேருந்து வராது. குடையை விரிப்பான், மழையும் வராது. கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நான் கண்ணில் நீர் முட்டச் சிரிப்பேன். என் மனைவி கொட்டாவி விடுவாள்.

"ஏங்க, இதுல எங்க சிரிக்கணும்னு சொல்லுங்க, சிரிச்சிட்டு எந்திச்சுப் போறேன்" என்பாள். சொல்லத் தெரிந்தால்தானே! நண்பர்களிலும் இரண்டு கட்சி. பாதியில் எழுந்துபோன ஒருவன் இன்றும் என்னைக் கிறுக்கன் என்கிறான். அவனையும் விடாமல் இழுத்து உட்காரவைக்கிற கெட்ட புத்தி எனக்கு உண்டு.

போன வருடம் என் மாமனார் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இறந்தார். என் மனைவி அழவே இல்லை. அவளுடைய சித்தி தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏட்டி, ஒரு வாட்டி அழுதுரு மக்கா. நெஞ்சுக்குள்ள கெட்டி வைக்காத." அவள் கல்லாக உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

உடலோடு நாங்கள் ஆம்புலன்ஸில், கடற்கரையில் இருக்கும் அவர்கள் ஊருக்குப் புறப்பட்டோம். கொட்டாரம் பக்கம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணக் கூட்டம், பேண்டு வாத்தியத்தோடு. எங்கள் ஆம்புலன்ஸின் முகப்பில் கிடந்த மாலையைப் பார்த்ததும் பாட்டு நடுவிலேயே நின்றது. பெரிய டிரம்காரர் மட்டும் கவனிக்காமல் இன்னொரு அடி அடித்துவிட்டு, பதறி டிரம்மைக் கையால் பொத்தினார்.

ரயில் வரவில்லை. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி எங்களைக் கும்பிட்டார். கல்யாணத்தன்று கும்பிடலாமா என்று சந்தேகம் வந்ததோ என்னவோ, கையை இறக்கினார். மனசு கேட்காமல் மறுபடி கும்பிட்டார். ஓர் ஆடு கேட்டுக்கு அடியில் நுழைந்து எங்கள் பக்கம் வந்தது, பார்த்தது, திரும்பிப் போனது. அப்போதும் ரயில் வரவில்லை.

எனக்கு என் படங்கள் நினைவுக்கு வந்தன. அந்தப் படங்களை எடுத்தவர்கள் எதையும் இட்டுக்கட்டவில்லை. கேமராவை ஏன் அசைக்கமாட்டேன் என்கிறார்கள் என்பது அன்றுதான் விளங்கியது. இப்படி ஒரு காட்சியின் முன்னால் யாருக்குத்தான் அசையத் தோன்றும்?

பக்கத்தில் அவள் தோள் குலுங்கியது. "ஏங்க, அந்த மாப்பிள்ளையப் பாருங்க" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள்! "அப்பா பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாவ." பிறகு அவர் முகத்தின் பக்கம் குனிந்தாள். "எப்பா, எந்திச்சுப் பாருங்கப்பா." அதோடு உடைந்துபோனாள். அவள் அழுதது அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

ரயில் வந்து போனது. கேட் திறந்தது. ஒரு வண்டியும் நகரவில்லை, ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று கல்யாண வீட்டார் அத்தனை பேரும் வெயிலில் காத்துக்கொண்டு நின்றார்கள்.