குதிரில் கலந்த நெல்

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. ஏழு பிள்ளைகளைப் பெற்று, ஏழு பேரையும் ஆளாக்கினேன். கருங்குழிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நஞ்சை இருந்தது. விளைந்த நெல் வீட்டு மண்குதிருக்குள் போய்விட்டால் அது என் பொறுப்பு. ஓர் எலி அதில் வாய் வைத்ததில்லை.

ஏரி வற்றிய வருடம். அவசரத்துக்கு விற்றவர்களிடம் என் வீட்டுக்காரர் நெல் வாங்கி மூட்டையாக அடுக்கினார். விலை ஏறியதும் விற்று, கடைசி மகளின் நிக்காஹை ஊர் மெச்ச நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். மூட்டையை எலி கடிக்கிறதே என்று நான் எல்லாவற்றையும் அவிழ்த்து, குதிரில் எங்கள் நெல்லின் மேலேயே கொட்டிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம் ஹஜ்ரத்தின் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், பயான், கேட்டது. சொந்த நிலத்தில் விளைந்ததை வைத்துக்கொள்வது குற்றமில்லை; சனம் தானியத்துக்குத் தவிக்கும்போது சந்தையில் வாங்கி, விலை ஏறட்டும் என்று மூடி வைப்பதுதான் பதுக்கல், அது பாவம் என்றார். என் கை மிளகாயிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் தொழுதுவிட்டு வந்ததும் கேட்டேன். "இன்னாங்க, குதிர்ல எது நம்ம நெல்லு, எது வாங்கினது?"

"நெல்லு மேல பேரா எழுதிகீது? கொட்டினவ நீதானே, நீயே பொறுக்கி எடு!"

"ஹஜ்ரத்தாண்ட கேட்டுகினு வாங்க. அதுவரைக்கும் குதிர்ல கை வைக்க மாட்டேன்."

போனவர் முகம் வாடித் திரும்பினார். "வாங்கும்போது மனசுல இன்னா இருந்துச்சு பாய்?" என்று ஹஜ்ரத் கேட்டாராம். வெல ஏறட்டும்னுதான் என்று இவர் ஒப்புக்கொண்டாராம்.

"அப்போ மொத்தமும் ஹராமா, தொடவே கூடாதா?" என்று கேட்டேன்.

"இல்ல புள்ள. பொறுக்கவே வேணாமாம். எவ்ளோ வாங்கினமோ அவ்ளோ அளந்து, இன்னிக்கு வெலைக்கே ஊருக்கு வித்துடணுமாம். மீதி நம்முது. ஆனா ஊர்ல அடுப்பு எரியலன்னா அதையும் பூட்டிகினு உக்காரக் கூடாதாம்."

"நிக்காஹ்?"

"பிரியாணி இல்லன்னா கறி போடாத குஸ்கா."

ஹஜ்ரத் சொன்னது பழைய மார்க்க அறிஞர்கள் வகுத்த சட்டமாம். என் ஊரைக் கண்ணாலும் பார்க்காதவர்கள், பேரீச்சை விளையும் மண்ணில் உட்கார்ந்து எத்தனையோ தலைமுறைக்கு முன் யோசித்தது. அது கடல் தாண்டி வந்து, என் மண்குதிருக்குள் கையை விட்டு, நான் கலந்ததை ஒரு நெல்மணியைக் கூடப் பொறுக்கி எடுக்காமல் பிரித்துக் கொடுத்துவிட்டதே!

மறுநாள் காலை, குதிரின் அடித்துவாரத்தில் அடைத்திருந்த வைக்கோலை நானே பிடுங்கினேன். எங்கள் வயலில் நாற்று நட்ட பெண்கள் கோணிப்பையோடு நின்றார்கள்.

"இன்னாக்கா, வெல ஏர்ற நேரத்துல உன் குதிரு வாயத் தொறந்துகிச்சு?" என்று ஒருத்தி சீண்டினாள்.

"அதுக்கும் அல்லா பயம் வந்துட்சி. பைய நல்லாப் புடி."

நெல் பொலபொலவென்று மரக்காலில் விழுந்தது. ஆயுசெல்லாம் கேட்ட சத்தம்தான். அன்று ஏனோ சுபுஹானல்லாஹ் என்று இறைத்துதி தானாக வாயில் வந்தது.

நிக்காஹில் குஸ்காதான் போட்டோம். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். நான் தலை குனியவில்லை.

எழுத்துக் கூட்டித்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த மகளின் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இந்தா கண்ணு, படிச்சுக் காட்டு. குஸ்கா வர்ற எடத்த மட்டும் சத்தமாப் படி. உங்கம்மா இன்னும் அதச் சொல்லிக் காட்டிகினு கீறா. எதுக்குக் குஸ்கா போட்டோம்னு அடுப்படில கீற அவ காதுலயும் வுழட்டும்."