சோதனைச் சாவடியில் என் பீனிசம்

இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் பிற்பகுதி. கண்டி மலைப்பகுதியில், ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. மூன்று வருடமாகப் பீனிசம். மூக்கு எந்நேரமும் அடைப்பு, வாசனை என்பதே மறந்துபோயிருந்தது. கறி அடிப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னால்தான் தெரியும்.

கண்டியில் ஒரு மூக்கு டாக்டரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்கிலிருந்து பிசின் மாதிரிக் கெட்டியான சளியை எடுத்துச் சின்னப் போத்தலில் போட்டு, "இதை இண்டைக்கே பேராதனை ஆய்வுகூடத்திலை குடுங்கோ. பங்கசு, அதுதான் பூஞ்சணம், இருக்கோ எண்டு பாக்கவேணும்" என்று ஒரு கடிதமும் தந்தார். கெட்டிக்காரி நான், போத்தலைப் பத்திரமாகப் பையில் வைத்துவிட்டுக் கடிதத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைக் கிளறிய சிப்பாய் போத்தலைத் தூக்கிப் பிடித்து, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். என் மூக்கிலிருந்து எடுத்தது என்றேன். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், கையில் விளங்காத போத்தல், கடிதமும் இல்லை. பஸ்ஸை அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிறுத்திவைத்தார்கள். அந்த நாட்களில் அப்படி நிறுத்தப்பட்டவர் எப்போது வீடு திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுத்தர வயதுப் பொலிஸ்காரி ஒருவர் வந்து மூடியைத் திறந்தார். திறந்ததுமே முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார். சிப்பாயும் மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் மட்டும் சும்மா நின்றேன். அவர் போத்தலை என் மூக்கருகே நீட்டினார். நன்றாக இழுத்து முகர்ந்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

"நாத்தம் இல்ல?" என்றார் அரைகுறைத் தமிழில்.

"தெரியலைங்க மிஸ். மூணு வருஷமா எந்த வாசமும் தெரியாது."

சுளிக்காத என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். ஒரு கடதாசியில் சிங்களத்தில் ஏதோ எழுதித் தந்து, அடுத்த பஸ்ஸைத் தானே மறித்து ஏற்றிவிட்டார்.

ஆய்வுகூடத்தில் அந்தக் கடதாசியைத்தான் நீட்டினேன். அங்கிருந்தவர் வாசித்துத் தமிழில் சொன்னார்: "இந்த டீச்சருக்கு உண்மையிலேயே மூக்கில் வருத்தம். மறிக்க வேண்டாம்." சிரித்துக்கொண்டே டாக்டருக்கு போன் எடுத்து விசாரித்துவிட்டுப் போத்தலை வாங்கிக்கொண்டார்.

சோதனை முடிவு வந்தது, பங்கசுதான். "அது எல்லாற்ற மூக்குக்குள்ளையும் போய்வாற சாமான். உங்கட உடம்புதான் அதைப் பெரிய எதிரி எண்டு நினைச்சுச் சண்டை பிடிக்குது. வீக்கமெல்லாம் அந்தச் சண்டையாலைதான்" என்றார் டாக்டர். சத்திரசிகிச்சை, மாத்திரை, தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது என்று சில மாதங்கள் போயின. ஒரு காலையில், வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகளின் தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. சந்தோஷத்தில் அன்று பாடமே ஓடவில்லை.

இன்றும் ஒரு பிள்ளை நம்பவே முடியாத சாக்கோடு வந்து நின்றால், அந்தப் பொலிஸ்காரியை நினைத்துக்கொண்டு திட்டுவதற்கு முன் இன்னொரு கேள்வி கேட்கிறேன். பல நாட்களில் பிள்ளை சொன்னது உண்மையாகத்தான் இருக்கிறது.