குழாயைக் கடிக்கும் பல்

"என்ன வேலை பாக்கிய?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு லாரியில் கிளீனராக இருந்தேன், உப்பளத்தில் உப்பு வாரினேன், கோவாவில் மீன் கம்பெனியில் ஐஸ் உடைத்தேன். எதிலும் கால் தரிக்கவில்லை. அதனால் யார் கேட்டாலும் "கூலி வேலை" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பல் டாக்டரிடமும் அதையே சொன்னதுதான் வம்பாகிவிட்டது.

அப்போது நான் திரேஸ்புரத்தில் ஒரு சங்கு குளிக்கும் படகில் இருந்தேன். முத்துக்குளிப்பெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. இப்போது கடலடியில் நாங்கள் தேடுவது சங்கைத்தான். படகில் கம்பரசர் ஓடும். அதிலிருந்து நீளக் குழாய் வழியாகக் காற்று வரும். அந்தக் குழாயின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு இறங்குவோம். இரண்டு கையும் சங்கு பொறுக்க வேண்டுமே. ஆகவே குளிக்கிறவனுக்குப் பல் என்பது மூன்றாவது கை.

எனக்கு இடது பக்கத்தில் மேல்பல் ஒன்றை முன்பே கோவாவில் பிடுங்கிவிட்டார்கள். குழாயைப் பிடிக்க இருந்தது வலது பக்கப் பல்தான். சீசன் சூடுபிடித்த நேரத்தில் அதுவும் வலிக்கத் தொடங்கியது. கிராம்பு வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். வலி மாத்திரையை விழுங்காமல் பல்லுக்குப் பக்கத்திலேயே அடக்கி வைத்தேன். ஈறு வெந்ததுதான் மிச்சம். வாசிக்கிறவர்கள் அந்த வேலையை மட்டும் செய்ய வேண்டாம்.

என்னோடு கடலில் இறங்கும் கூட்டாளி என் வீங்கிய கன்னத்தைப் பார்த்துச் சிரித்தான். "ஏலே, புடுங்கி எறிஞ்சிட்டு வாயேம்ல. ஒத்தப் பல்லுக்கு இம்புட்டுச் சீராட்டா?"

"இதையும் புடுங்கிட்டா குழாய எதால புடிக்க? மூக்காலயா?"

"அப்ப மேல உக்காந்து எங்களுக்குக் கஞ்சி காய்ச்சு."

படகுக்காரர் சிரிக்கவில்லை. "அவன் சொல்லுததும் சரிதான்" என்றார். பல் போனால் கடலடியில் எனக்கு வேலை இல்லை என்பது அப்போது உறைத்தது.

டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். நாசரேத் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சிறியவர். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். "அண்ணாச்சி, சொத்தை நரம்பு வரைக்கும் போயிட்டு. ஆனா பல்ல எடுக்க வேண்டாம். ரூட் கேனால் பண்ணிரலாம். உள்ள கெட்டுப்போனத மட்டும் எடுத்து, சுத்தம் பண்ணி அடைச்சிருவோம்."

வேரைத் தோண்டுவார்கள், உயிர் போகும் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். உண்மையில் மரத்துப்போக ஊசி போட்டபோது கொஞ்சம் சுருக்கென்றது. அவ்வளவுதான். கெளுத்தி முள் குத்தியபோது இதைவிட அதிகம் கத்தியிருக்கிறேன். வாயை ரப்பர் துணியால் மறைத்து அந்தப் பல்லை மட்டும் வெளியே நிற்க வைத்து, மயிர் போன்ற கம்பிகளால் உள்ளே சுரண்டினார். நான் பாதியில் கண்ணயர்ந்துவிட்டேன். மரமரப்பு போகும்வரை சாப்பிடாதீர்கள் என்றார். அதை மறந்து இட்லியோடு சேர்த்து உதட்டையும் கடித்தேன்.

"இது தற்காலிக அடைப்பு" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார். "வலி போயிட்டுன்னு வராம இருந்துராதீங்க. பாதி வேலை இன்னும் கெடக்கு. அந்தப் பக்கம் கடிக்கவும் கூடாது."

சரி என்றேன். முறுக்கையும் கடலைமிட்டாயையும் ஒதுக்கி வைத்தேன். குழாய் எனக்கு ஞாபகமே வரவில்லை. வலி நின்றுபோன சந்தோஷத்தில் அடுத்த நாளே கடலுக்குப் போனேன்.

தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்து கிடந்தது. பாதி ஆழம் இறங்கியதும் பல்லுக்குள் யாரோ ஆணி வைத்து அடித்தார்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று கீழே போய் ஒரு சங்கையும் எடுத்தேன். மேலே வரும்போதுதான் நரகம். பல்லுக்குள் பலூன் ஊதியதுபோல இருந்தது. படகில் ஏறியதும் கையில் துப்பினேன். ரத்தத்தோடு வெள்ளையாக ஒன்று விழுந்தது.

கூட்டாளி எட்டிப் பார்த்தான். "ஏலே, முத்து!" என்று கத்தினான். அது டாக்டரம்மா வைத்த அடைப்பு. படகே சிரித்தது. நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அன்று சாயங்காலமே கிளினிக்கில் போய் நின்றேன்.

"எங்க போனீங்க?"

"கடலுக்கு."

"மீன் புடிக்கவா?"

"இல்ல டாக்டர், அடியில. சங்கு எடுக்க."

அவர் கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். "அண்ணாச்சி, கூலி வேலைன்னுல்லா சொன்னீங்க?"

"இதுவும் கூலிதானே?"

சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு விளக்கினார். அரைகுறையாக அடைத்த பல்லுக்குள் கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். ஆழத்தில் தண்ணீர் அழுத்தும்போது வலிக்கும். மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும். போக வழியில்லை என்றால் பல்லையே பிளந்துவிடும். வேர்வரை விரிசல் விட்டிருந்தால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பிறகு விளக்கடித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், எதையோ கடிக்கச் சொல்லிப் பார்த்தார். ஊசிக்குப் பயப்படாத எனக்கு அந்த நாற்காலியில் பயம் வந்தது. கஞ்சிப் பானை கண்முன் வந்து நின்றது.

"விரிசல் இல்ல" என்றார். "வலி நின்னதும் நெறைய பேரு வராமலே இருந்துருவாவ. கொஞ்ச மாசம் கழிச்சு வீங்கிட்டு வருவாவ. நீங்க பரவால்ல, உடனே வந்துட்டீங்க. வேலை முடியுற வரைக்கும் தண்ணிக்குள்ள தல போகக் கூடாது."

போகவில்லை. படகில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் குழாய் விட்டேன். கஞ்சியும் காய்ச்சினேன். உப்பு கூடிவிட்டது என்று அதற்கும் பேச்சு வாங்கினேன்.

வேர் முழுவதும் அடைத்தபின், பல்லுக்கு மேலே தொப்பிபோல ஒரு கேப் போட வேண்டும் என்றார். இல்லையென்றால் காய்ந்த சுள்ளிபோல ஒருநாள் ஒடிந்துவிடுமாம். குழாயைக் கடித்துக்கொண்டுதான் இறங்குவேன் என்பதை இந்த முறை முந்திக்கொண்டு சொன்னேன். "வரும்போது அந்தக் குழாய் முனையையும் கொண்டுட்டு வாங்க."

பழைய குழாய் ஒன்றை வெட்டி, கழுவி, தோளில் சுற்றிக்கொண்டு போனேன். எவ்வளவு கழுவியும் டீசல் வாடை போகவில்லை. காத்திருந்தவர்களில் ஓர் அக்கா அதை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இந்தக் குழாயையா வாய்க்குள்ள விடுவாவ?"

"ஆமாக்கா. முத்திப்போன கேஸுன்னா கம்பரசரும் வைப்பாவ."

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். டாக்டரம்மா வெளியே ஓடிவந்து அவரை உட்கார வைத்துவிட்டு, என்னை முறைத்தபடி உள்ளே கூட்டிப்போனார். குழாயை அழுந்தத் துடைத்து, அதை ஒரு மைத்தாளோடு சேர்த்துக் கடிக்கவைத்து, கேப்பில் எங்கே மை படிகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். இதற்குமுன் யாருக்கும் இப்படிச் செய்ததில்லை என்றார். என் வேலையை முதல் நாளே நான் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இவ்வளவு கூத்தும் இல்லை.

அவர் சம்மதம் சொன்னபின் மறுபடி இறங்கினேன். முன்பு ஆணி அடித்த ஆழத்தில் நின்று, வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கம்பரசரின் அதிர்வு மட்டும் குழாய் வழியாகப் பல்லில் வந்து குறுகுறுத்தது. கீழே போய்ப் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு மெதுவாக மேலே வந்தேன். வரும் வழியிலும் பல் வாய் திறக்கவில்லை.

கூட்டாளி படகின் விளிம்பில் குனிந்து கையை நீட்டினான். "என்னல, இன்னைக்கு முத்து ஒண்ணும் துப்பலையா?"

நல்ல பதில் ஒன்று வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாயிலிருந்து குழாயை எடுக்க வேண்டும். பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, குழாயை இறுக்கிக் கடித்தபடி மறுபடி கீழே போனேன்.