எறவாணத்து முடி

சிட்டம்மாளுக்குக் கையைப் பார்த்து ஜோசியம் சொல்லத் தெரியாது. ஆனால் முடியைப் பார்த்தால் சொல்லுவாள். உத்திரமேரூரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஊர்களில் அவள் கால் படாத தெரு கிடையாது. தலையில் ஒரு கூடை, கூடைக்குள் ஊக்கு, ஊசி, ஹேர்பின், பாசிமணி, ரிப்பன். "சிக்கு முடி கீதா, சிக்கு முடி!" என்று தெருமுனையில் அவள் குரல் கேட்டதும் பெண்கள் கூரைச் சரிவின் ஓரத்தில், எறவாணத்தில், கையை விடுவார்கள். தலை வாரும்போது உதிர்கிற முடி காலில் மிதிபடக்கூடாது என்று, விரலில் சுற்றி ஓலைக்கு நடுவே செருகி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதை வேறு யாரும் தொடமாட்டார்கள். அடுத்தவள் தலைமுடியில் யாருக்கு என்ன வேலை? சிட்டம்மாளுக்கு மட்டும்தான் வேலை. வாங்கிப் போய் சீயக்காய் போட்டு அலசி, சிக்கெடுத்து, பின்னலோடு சேர்த்து வைக்கிற சவுரியாகக் கட்டி விற்பாள்.

இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டு இந்தக் கூடையைத் தூக்கியவள். முப்பது வருஷம் ஓடிவிட்டது. முப்பது வருஷம் ஊரார் முடியையே விரலால் நீவிக்கொண்டிருந்தால் விரலுக்கே கண் வந்துவிடும். விஷக்காய்ச்சலில் உதிர்ந்தது சோகை பிடித்துப் பொசுபொசுவென்று இருக்கும். சோற்றுக்கு இல்லாதவள் முடி பாதியில் அறுந்திருக்கும். பிள்ளை பெற்றவள் முடி அப்படியில்லை. பெற்ற மூன்றாம் மாசம் கொத்துக் கொத்தாக வரும். நல்ல நீளம், நல்ல கறுப்பு, அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு. "இது பெத்தவ முடி" என்று சுருளைப் பிரிக்காமலே சொல்லுவாள். பெண்கள் வாயைப் பிளப்பார்கள். அதில் அவளுக்கு ஒரு கர்வம். ஏழைக்கு வேறு என்ன இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எல்லாரும் விட்டுவிட்டார்கள். அங்கேதான் தப்பு நடந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம், ஆடி மாசம். மாகறலில் ஆண்டாளம்மாள் வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள். ஆண்டாளம்மாளுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரே மகனும் உண்டு. மகன் பச்சமுத்து மெட்ராஸில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போய் மூன்று மாசமாகிறது. மருமகள் அம்முலு களை பறிக்கப் போயிருந்தாள். வரிசையாக மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவள் அவள். எறவாணத்திலிருந்து மாமியார்தான் முடியை எடுத்துக் கொடுத்தாள். ஒரு சுருள் இல்லை, ஏழெட்டுச் சுருள், ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அத்தனை பெரிசு.

சிட்டம்மாள் ஒன்றை எடுத்து நீவினாள். "இன்னா ஆண்டாளம்மா, புள்ளப்பேறு ஆயிருக்கு, ஒரு வார்த்த சொல்லல?"

"யாருக்கு?"

"ஒன் மருமவளுக்குத்தான். இது பெத்தவ முடி. மூணு மாசம் இருக்கும்."

"அவ எங்க பெத்தா? நீ ஒண்ணு."

"முப்பது வருசமா பாத்துக்கினு கீறேன். சிட்டம்மா சொல்லி எது தப்பிச்சு?" என்று சிரித்தாள் சிட்டம்மாள்.

ஆண்டாளம்மாள் சிரிக்கவில்லை. தனக்குத்தானே பேசுகிறமாதிரி ஆரம்பித்தாள். "தை மாசம் குடம் குடமா வாந்தி எடுத்தா. தல வலிக்குதுன்னு சுருண்டு சுருண்டு படுத்தா. கன்னத்துல கருப்பா மங்கு உயுந்துச்சு. ரெண்டு மாசம் தூரமும் காணோம். மசக்கைனு நெனச்சு நானே மாங்கா தேடிக்கினு அலைஞ்சேன். பித்தம்னு சொல்லிட்டா. அப்பால வயிறும் காணோம், ஒண்ணும் காணோம்." சிட்டம்மாளின் கையிலிருந்த சுருளை வெறித்துப் பார்த்தாள். "எம் பேரன கலைச்சுட்டு நிக்கிறாளா?"

சிட்டம்மாள் சுருளைச் சட்டென்று கீழே வைத்தாள். "அய்யோ, நா அப்டி சொல்லலம்மா" என்றாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். முடிக்கு விலையாக ஊக்கையும் ஊசியையும் கொடுத்துவிட்டு, முடியை மூட்டையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து வீட்டில் சிக்கெடுக்க உட்கார்ந்தாள். அம்முலுவின் சுருள் ஒன்றைப் பிரித்தபோது விரலில் ஏதோ நறுக்கென்று பட்டது. முடிக்குள் ஈயத்தாள் அட்டை. ஒரு முழு அட்டையும் ஒரு பாதியும், வரிசையாகச் சின்னச் சின்ன மாத்திரைகள். யாரும் கை வைக்காத இடம் என்று அங்கே மறைத்திருக்கிறாள். அதையும்தான் மாமியார் தெரியாமல் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு முழுதும் சிட்டம்மாளுக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் காலை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு உத்திரமேரூர் நர்ஸ் பாமாவைப் போய்ப் பார்த்தாள்.

பாமா அட்டையைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். "இது உன்கிட்ட எப்படி வந்தது?"

சிட்டம்மாள் சொன்னாள். பாமா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பிள்ளை உண்டாகாம இருக்கறதுக்கு மாத்திரை, சிட்டம்மா. மூணாவது பிரசவத்துல அவளுக்கு ரத்தம் நிக்கவே இல்லை. வண்டி கட்டிக் காஞ்சிபுரம் கொண்டுபோய்ப் பிழைச்சதே பெரிசு. இன்னொண்ணு தாங்காது, செத்துப்போயிடுவான்னு டாக்டர் சொல்லிட்டார். மாமியார் பேரன் பேரன்னு நிக்கறா. கர்ப்பப்பையில லூப் வெச்சுக்கப் பயந்தா. அதான் இதைக் கொடுத்தேன், யாருக்கும் தெரியப்படாதுன்னு கால்ல விழுந்தா."

"அப்ப வாந்தி?"

"இதனாலதான். இது உடம்பை ஏமாத்தறது. பிள்ளை உண்டானாப்பல உடம்பு நெனச்சுக்கும். வாந்தி, தலைவலி, மூஞ்சியில மங்கு, எல்லாம் வரும். புருஷன் மெட்ராஸ் போனதும், இந்த அவஸ்தை எதுக்குன்னு நிறுத்திட்டா. நிறுத்தினா, பெத்துட்டோம்னு உடம்பு நெனச்சுக்கும்போல. மூணாம் மாசம் முடி கொட்டறது. திரும்ப வளர்ந்துடும். வாந்தி வரும்னு நான் சொல்லித்தான் கொடுத்தேன். முடி கொட்டும்னு எனக்கே அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

அப்போது சிட்டம்மாளுக்குப் புரிந்தது. விரல் பொய் சொல்லவில்லை. உடம்பே பொய் சொல்லியிருக்கிறது, அதை அவள் விரல் அப்படியே நம்பிவிட்டது.

"அவன் வரதுக்குள்ள மறுபடி ஆரம்பிக்கணும்" என்றாள் பாமா. "நான் போனா வெளியில வந்துடும். நீ போய் எப்படியாவது கொடுத்துடு."

சிட்டம்மாள் அன்றே ஒரு சவுரி கட்டினாள். அடிக்கட்டுக்குள் இரண்டு அட்டையையும் மடித்துவைத்து நூல் சுற்றினாள். விடிந்ததும் மாகறலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

போனபோது பச்சமுத்து வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான். ஆண்டாளம்மாள் ஆள் அனுப்பி வரவழைத்திருக்கிறாள். இனி மெட்ராஸ் இல்லை, ஊரோடுதானாம். சிட்டம்மாள் வாசலில் நின்ற ஆண்டாளம்மாளிடம் போனாள்.

"ஆண்டாளம்மா, அன்னிக்கு நா சொன்னது தப்பு. வூட்டுக்குப் போயி அலசிப் பாத்தேன். அது காச்சல்ல உதுந்த முடி. மஞ்சக்காமால வந்தவ முடி. கண்ணு மங்கிப்போச்சு எனக்கு, மாத்தி சொல்லிட்டேன்." வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் தொழிலில் பொய் சொன்னாள்.

ஆண்டாளம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "முப்பது வருசமா நீ சொல்லி ஒண்ணும் தப்பினதில்லன்னு நீதான சொன்ன? ஊரே சொல்லுது. அவளக் காப்பாத்த இப்ப பொய் சொல்லிக்கினு வந்து நிக்கிற. போன பேரன் போவட்டும். அடுத்தத இவ எப்டி கலைக்கிறான்னு நா பாக்கறேன். எம் மவன் இங்கதான் இருப்பான். இவ எங்க போனாலும் நா பின்னாலயே போவேன்."

உள்ளிருந்து அம்முலு வந்தாள். வகிடு அகலமாகிவிட்டிருந்தது, பின்னல் எலி வால் போலத் தொங்கியது. இரண்டு கன்னத்திலும் மங்கு. மாமியாரைப் பார்க்காமல் சிட்டம்மாளையே பார்த்தாள்.

"எறவாணத்துல இருந்தது எல்லாத்தியும் எடுத்துக்கினு பூட்டியா அக்கா?"

"எல்லாம் பத்திரமா இதுல கீதும்மா" என்று சிட்டம்மாள் சவுரியை நீட்டினாள். "ஒன் முடிதான். காசு வாணாம். வெச்சுப் பின்னிக்க."

அம்முலுவின் கை நீண்டது. சவுரியைத் தொட்டுவிட்டது. அடிக்கட்டின் கெட்டித்தனம் அவள் விரலுக்குத் தெரிந்திருக்கவேண்டும், முகத்தில் சட்டென்று ஒரு உயிர் வந்தது. அதற்குள் ஆண்டாளம்மாள் பிடுங்கித் தெருவில் வீசினாள். "புள்ளயத் துன்னவளுக்கு சிங்காரம் ஒரு கேடா? இனிமே இந்த வாசப்படி ஏறாத, சொல்லிட்டேன்!"

சிட்டம்மாள் புழுதியிலிருந்து சவுரியைப் பொறுக்கிக்கொண்டாள். உண்மையைக் கத்திவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. மாத்திரை என்று சொன்னால் அம்முலுவை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று தோன்றியது. ஏற்கனவே ஒரு வார்த்தை சொல்லிக் கெடுத்தவள், இன்னொரு வார்த்தை சொல்லப் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் பாமாவே ஒரு நடை போய்ப் பார்த்தாள். ஆண்டாளம்மாள் துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

வருஷம் திரும்பியது. வைகாசியில் சந்தையில் ஒருத்தி, "மாகறல் ஆண்டாளம்மாளுக்குப் பேரன் பொறந்துட்டான்" என்றாள். பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று சிட்டம்மாள் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்று பயம். பாமாவுக்கும் மாற்றலாகியிருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டாள். வைகாசி, ஆனி, ஆடி. ஆவணியில் முடி கொட்டவேண்டும். அவள் உயிரோடு இருந்தால் எறவாணத்தில் பெரிய பெரிய சுருளாக இருக்கும். ஆவணி வரட்டும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினாள்.

ஆவணி பிறந்தது. ஏறக்கூடாத வாசல்படிக்கு முன்னால் போய் நின்று, தெருவிலிருந்தே எறவாணத்தைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். வெறும் ஓலைதான் இருந்தது.

ஆண்டாளம்மாள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சங்கில் ஆட்டுப்பால் புகட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். விரட்டவில்லை. விரட்டுகிற தெம்பும் அவளிடம் இல்லை.

"முடி கீதா?" என்றாள் சிட்டம்மாள்.

"தல இருந்தாத்தான முடி" என்றாள் ஆண்டாளம்மாள்.

அதற்கப்புறமும் சிட்டம்மாள் பதினோரு வருஷம் கூடை சுமந்தாள். அந்தச் சவுரியை மட்டும் விற்கவில்லை, கூடைக்கு அடியிலேயே கிடந்தது. பெண்கள் பழைய ஞாபகத்தில் சுருளை நீட்டி, "இது இன்னா முடி, சொல்லு பாப்பம்" என்று கேட்பார்கள். அவள் பார்க்காமலே வாங்கி மூட்டையில் போட்டுக்கொள்வாள்.

"முடிதாம்மா" என்பாள்.