நான் கொடுக்காத அழைப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் லிஃப்ட் இல்லாத பிளாட்டில் நான்காவது மாடியில் குடியிருந்தபோது நடந்தது இது. என் மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அவள் பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் அழைப்பு அட்டை எழுதினோம், ஒரு சிறுமியைத் தவிர. கால்களில் பிரேஸ் மாட்டி, வாக்கர் பிடித்து நடக்கும் பிள்ளை அவள்.

"அவளுக்கு ஏம்மா கார்ட் இல்ல?" என்று மகள் கேட்டாள்.

"பாவம், இவ்வளவு படி எப்படி ஏறுவா? கூப்பிட்டா அவளுக்குத்தான் கஷ்டம்" என்றேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

பிறந்தநாள் விருந்து முடிந்து, திங்கட்கிழமை மகளை அழைத்துவரப் போயிருந்தேன். பள்ளி கேட் அருகே அந்தச் சிறுமி தன் அம்மாவோடு நின்றிருந்தாள். வாக்கரில் தொங்கிய பையிலிருந்து ஒரு கலர் பென்சில் பெட்டியை எடுத்து என் மகளிடம் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆன்டி, என் கார்ட் எங்கயோ தொலஞ்சி போச்சு போல. அதான் வர முடியல, சாரி" என்றாள்.

அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்திருந்தது. ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தொலையலம்மா. ஆன்டிதான் குடுக்கல. எங்க வீடு நாலாவது மாடி. உன்னால ஏற முடியாதுன்னு நானே நினைச்சிட்டேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "என்னைக் கேட்டிருக்கலாம்லா ஆன்டி" என்றாள், மெதுவாக.

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தார்கள்.

ஒரு கை கம்பியிலும் மறு கை அம்மாவின் தோளிலுமாக அவள் ஏறினாள். வாக்கரை நான் தூக்கிக்கொண்டேன். ஒவ்வொரு மாடியிலும் என் மகள் அவளோடு படியில் உட்கார்ந்து கதையடித்தாள். இரண்டாவது மாடியில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. பதறிப்போய்த் தூக்கக் குனிந்தேன்.

"வேணாங்க்கா. அவளே கேப்பா" என்றார் அவள் அம்மா.

மூன்றாவது மாடி வந்ததும் உண்மையிலேயே கேட்டாள். "ஆன்டி, கால் வலிக்குது. இப்ப தூக்குறீங்களா?" இரண்டு கைகளையும் நீட்டினாள். வாக்கரை அவள் அம்மா வாங்கிக்கொள்ள, கடைசி மாடிக்கு என் இடுப்பில் உட்கார்ந்தபடி, சிரித்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் வரை இருவரும் தரையில் படுத்துப் படம் வரைந்தார்கள். நான் செய்த மீ கோரேங் நூடுல்ஸை அந்தச் சிறுமி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிரேஸ் போட்ட கால்களைவிட, தனக்கு வராமல் போன அந்த அட்டைதான் அந்தப் பிள்ளைக்கு அதிகம் வலித்திருக்கும். இரக்கம் என்று நினைத்து ஒரு குழந்தையை நானே வெளியில் நிறுத்தியிருந்தேன் என்பதை நினைத்தால், இன்றும் மனசு கூசுகிறது.