ஒரு கூரையில் இரண்டு தலைச்சூல்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மாட்டுக் கணக்குதான் தெரியும். பசு பத்தாம் மாதம் ஈனும். அதனால் குதிரையும் பத்தாம் மாதம் ஈனும் என்று அப்பா முடிவு செய்தார். பங்குனியில் சினைப்பட்ட குதிரைக்குத் தை மாதம் என்று நாள் குறித்தார். கொட்டகையில் புது மணல் பரப்பி, சோளத்தட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். தை வந்தது, போனது. குதிரை வைத்த காணத்தை, அதாவது கொள்ளை, தின்றுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அது எங்கள் பிழைப்புக் குதிரை. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசிலிருந்து குச்சி மூட்டைகளை வண்டியில் இழுத்து வரும். ஊர்ப் பெண்கள் குச்சி அடுக்கி முடித்த மரச்சட்டங்களை, நாங்கள் கட்டை என்போம், திரும்ப இழுத்துப் போகும். சினை முற்றியதும் வண்டியை நிறுத்திவிட்டோம். ஆபீஸ் மினி லாரியே ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. குதிரைக்கு இது முதல் ஈற்று. நான் அப்போது பத்து வயதுப் பெண். அந்தக் குட்டி முதன்முதலாக எழுந்து நிற்பதை நான் பார்த்தே தீர வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் கேட்டுச் செய்த முடிவு இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வேன். சாப்பிடக் கூப்பிட்டால் தட்டை அங்கே கொண்டுவரச் சொல்வேன். அடிதான் வரும். வாங்கிக்கொண்டு அங்கேயே இருப்பேன்.

கோவில்பட்டி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிய பாய் ஒருவர்தான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னார். குதிரைக்குப் பதினோரு மாதம் முழுசாகப் போக வேண்டுமாம். காம்பு நுனியில் மெழுகு திரண்டால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தமாம். அப்பா வீட்டுக்கு வந்து, தனக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயம் மாதிரி எங்களுக்குச் சொன்னார்.

இந்தக் கணக்குப் பிழையால் வந்ததுதான் எல்லா வம்பும். அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு மாசிக் கடைசி. குதிரை தையில் ஈன்றிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நாள் வந்து நின்றது.

அக்காவின் மாமியார் கடம்பூர்ப் போளிப் பொட்டலத்தோடு மருமகளைப் பார்க்க வந்தார். அக்காவின் வயிற்றைப் பார்த்தார். குதிரையின் வயிற்றைப் பார்த்தார். கொட்டகைத் தகரம் வீட்டுத் தகரத்தோடு சேர்ந்திருப்பதையும் பார்த்தார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“ஒரு கூரைக்குள்ள ரெண்டு தலைச்சூலு ஆகாது. குதிரையா இருந்தா என்ன, மனுசியா இருந்தா என்ன. ஒண்ணு வெளிய போவணும். குதிரை போவலைன்னா எம் மருமவள நான் கூட்டிட்டுப் போறேன்.”

ஒரே கூரையின் கீழ் இரண்டு முதல் பிரசவம் நடந்தால் ஒன்று தங்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அப்பா அதைப் பாதிதான் நம்புவார். ஏணி போட்டு ஏறி, இரண்டு கூரையும் சேருகிற இடத்தில் ஒரு தகரத்தைக் கழற்றிக் கீழே போட்டார்.

“இப்ப ரெண்டு கூரை ஆயிட்டு, மதினி.”

“சாமி கண்ணயே கட்டப் பாக்கியளோ?” என்றார் அவர். பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்து, நாலு நாள் கெடு வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

அம்மா அழுதாள். மகளைத் திருப்பி அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள். அப்பா பணிந்துவிட்டார். நாகலாபுரத்தில் இருந்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, குதிரையை வந்து கொண்டுபோகச் சொல்லி ஆள் அனுப்பினார். கரிசல் காட்டு வழியாக, வெயிலில், ஒரு பகல் முழுக்க அதை நடத்தித்தான் கொண்டுபோக வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் போளி வேண்டாம் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. அதனால் இன்னும் ஆத்திரம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குதிரையின் மடியைப் பார்த்தேன். தீக்குச்சியை மெழுகில் முக்கி எடுத்ததுபோல் காம்பு நுனிகளில் மஞ்சளாகத் திரண்டிருந்தது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். குதிரையை அனுப்பாமல் இருக்க நான் கதை விடுவதாகச் சொன்னார். அக்கா மட்டும் கொட்டகைக்கு வந்து, குனிய முடியாமல் குனிந்து பார்த்தாள்.

மறுநாள் காலை மாமா வந்து, காபி குடித்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். அதற்குள் காம்பிலிருந்து பால் சொட்ட ஆரம்பித்திருந்தது. அக்கா வந்தாள். கொட்டகை வாசலை அடைத்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“கயித்த விடுங்க மாமா. இத இப்ப நடத்துனா நானும் கூடவே நடந்து வாரேன்.”

மாமா சிரித்தார். “ஏட்டி, வெளாடாத. எந்திரி.”

“என்னத் தாண்டிக் கொண்டுபோங்க, பாப்பம்.”

நிறைமாதக்காரியைத் தாண்டிப் போக மாமாவுக்குத் துணிவில்லை. அம்மா கெஞ்சினாள். அப்பா மாமியாரைச் சொல்லி மிரட்டினார். அக்கா அசையவில்லை. கடைசியில் மாமா கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு இன்னொரு காபி கேட்டார்.

விஷயம் தெரிந்து தெருவே வந்துவிட்டது. பெண்கள் கட்டையை மடியில் வைத்துக் குச்சி அடுக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். இது சூலே இல்லை, காணம் தின்ற வயிறு என்றாள் ஒருத்தி. குதிரை முன்காலால் மணலைப் பறிக்கும், படுக்கும், இத்தனை முகங்களையும் பார்த்துவிட்டு எழுந்துகொள்ளும். உச்சிப்பொழுது வரை இதே கதை. எல்லோரையும் போகச் சொல்லு என்று அக்கா என்னிடம் சொன்னாள். நான் சொன்னேன். சொன்ன விதம் நல்ல விதம் இல்லை. சாப்பாட்டு நேரமும் ஆகிவிட்டதால் என்னைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். அம்மாவும் அப்பாவும் மாமாவும்கூட உள்ளே போனார்கள். நான் சாக்குப் படுதாவை இழுத்து விட்டேன்.

கால் மணி நேரத்தில் குதிரை படுத்தது. விலாவெல்லாம் வியர்வை. வெள்ளைச் சவ்வுக்குள் இரண்டு முன்குளம்புகள் தெரிந்தன, பிறகு மூக்கு. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடிப்பாள், விடுவாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பிடிப்பாள். ஒவ்வொரு முறையும் நகம் உள்ளே இறங்கியது. குட்டி நல்லபடியாக வர வேண்டுமே என்ற பயம் என்று நினைத்தேன். வலிக்கிறது என்றேன். “கொஞ்சம் பொறுட்டி” என்றாள்.

குட்டி வழுக்கிக்கொண்டு வந்து மணலில் விழுந்தது. சவ்வைக் கிழித்துத் தலையை உதறியது. காலெல்லாம் உடம்பைவிட நீளம். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கிடந்த குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்திரிக்குமாட்டி?”

குட்டி காலை விரித்து ஊன்றிப் பார்த்து விழுந்தது. “இந்தா, எந்திரிக்கப் போவுது” என்றேன்.

“அது இல்ல. தாய்க்காரி.”

குட்டி மறுபடி முயன்று விழுந்தது. அப்புறம் குதிரை கண்ணைத் திறந்தது. முன்காலை ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து, மணலை உதறிவிட்டுக் குட்டியை நக்க ஆரம்பித்தது. அக்கா என் தோளை விட்டாள்.

“இப்பப் போயி அம்மாவக் கூப்புடு. எனக்கு விடியும்போதே வலி வந்துட்டு.”

குட்டி அப்போதுதான் மூன்றாம் முறை காலை ஊன்றிக்கொண்டிருந்தது. இந்த நேரம் பார்த்தா போகச் சொல்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். அதற்கப்புறம் ஒரே அமளி. கட்டை ஏற்ற வந்த மினி லாரியில் அக்காவை ஏற்றிக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பிள்ளைகளும் தங்கின, இரண்டு தாய்களும் தங்கினார்கள். மாமியார் அதற்காகத் தன் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. அந்தத் தகரத்தைக் கழற்றியதால்தான் பிழைத்தது என்று சொல்லிக்கொண்டார்.

நான் கொட்டகைக்குத் திரும்பியபோது குட்டி நின்றுகொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தது. அது எழுந்து நின்றதை யாருமே பார்க்கவில்லை. அதற்காக ஒரு மாதம் நான் அக்காவோடு பேசவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள், அப்போதும் பேசவில்லை. விடியும்போதே வலி வந்தவள் உச்சிவரை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கவும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் எதைப் பார்க்க அத்தனை நாள் உட்கார்ந்திருந்தேனோ அதை அவள் பார்க்க விடவில்லை. தாய்க்குதிரை எழுந்ததை, தான் பார்க்க உட்கார்ந்ததை மட்டும், முழுசாகப் பார்த்துவிட்டு எழுந்தாள். அதைப் பெரிய அநியாயம் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.