இரும்பு படாத சுவர்

போன வாரம் அம்மா இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது விஸ்வநத்தம் பக்கம் டம் என்று ஒரு சத்தம். அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்படிச் சுவரில் உள்ளங்கையால் தட்டினாள். பிறகு காதை வைத்துக் கேட்டாள்.

"டைல்ஸ்ல தட்டுனா யாருக்கும்மா கேக்கும்?" என்று கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான்.

வெடிச்சத்தம் கேட்டால் இங்கே முதல் வேலை, வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள் என்று பார்ப்பது. என் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கும் செல்லையா அண்ணாச்சி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அம்மா தட்டினால் எங்கள் வீட்டில் எல்லாரும் இருக்கிறோம் என்று அர்த்தம். அங்கேயும் எல்லாரும் இருந்தால் அவர் மனைவி முத்துலட்சுமி அத்தை அந்தப் பக்கமிருந்து திருப்பித் தட்டுவார். அது வரும்வரை அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. செல்போனெல்லாம் வந்த பிறகும் இந்தத் தட்டுதான்.

எனக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் மாடியில் ஒரு அறை போட அப்பா வேலையைத் தொடங்கினார். நான் ஆப்செட் பிரஸ்ஸில் சேர்ந்த புதிது. அச்சு மையின் வாடை போகாத கையோடு பொண்ணு பார்த்துவிட்டு வந்தவன். அது கிடக்கட்டும். மேலே போடும் பீமின் ஒரு முனை பொதுச்சுவரில் உட்கார வேண்டும். முதலில் தலையாட்டிய அண்ணாச்சி, கொத்தனார் உளியை வைத்து நாலு அடி அடித்ததும் கைலியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார்.

"நிப்பாட்டுங்கலே!"

"பாதிச் சுவரு எங்களுதுல்ல அண்ணாச்சி?" என்றார் அப்பா.

"பாதி ஒன்னோடதுதான், நான் இல்லைங்கல. ஆனா இரும்பு படக்கூடாது."

"பெறகு எத வச்சு உடைக்க? முருங்கக்காய வச்சா?"

கொத்தனார் சிரித்தார். நானும்தான். எவனோ ஜோசியக்காரன் சொல்லியிருப்பான் என்று அப்பா முடிவுகட்டினார்.

மறுநாள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் டேப்பும் கையுமாக வந்தார்கள். சுவரின் அகலத்தை அளந்தார்கள், பத்திரத்தைப் பார்த்தார்கள், ஆளுக்குப் பாதி என்றார்கள். "எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்கய்யா. இரும்பு மட்டும் படக்கூடாது," என்று அண்ணாச்சி சொன்னதையே சொன்னார். அவருக்கு வியர்த்து ஊற்றியது. எனக்கு வெறி ஏறிவிட்டது. கடப்பாரையைத் தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா டீ கொண்டுவந்தாள். இரும்புப் பேச்சு அவள் காதில் விழுந்தது அப்போதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். வெடிமருந்து அறையில் இரும்பு படக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் என்ன வச்சிருக்கீக?"

அவருக்குப் பின்னால் நின்ற அத்தை அழுதார். "திரி மதினி. சீசன் ஆர்டரு. அறை நெறய கெடக்கு."

கருந்திரி. பட்டாசில் பற்றவைக்கும் மருந்துத் திரி. வீட்டில் வைத்தாலே போலீஸ் தூக்கிக்கொண்டு போகும். சுவருக்கு அந்தப் பக்கம் அது. இந்தப் பக்கம் எங்கள் அடுப்பு. ஒரு பொறி போதும், தெருவே இருந்திருக்காது. என் கையில் கடப்பாரை. அடிக்கவா போகிறேன்? ஆனால் கீழே போடவும் பயம். தூங்குகிற பிள்ளையை வாங்குவதுபோல அம்மா அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

தீர்ப்பையும் அவளே சொன்னாள். திரி முழுவதையும் தண்ணீரில் நனைத்து அழிக்க வேண்டும், இனி அந்த வீட்டுக்குள் திரி வரக்கூடாது. நாங்கள் போலீசுக்குப் போவதில்லை. பொதுச்சுவரை இனி நம்பி இருக்க முடியாது. எங்கள் இடத்துக்குள் நாலு விரற்கடை தள்ளித் தனிச்சுவர் எழுப்பிக்கொள்கிறோம். பெரியவர்கள் நல்ல முடிவு என்றார்கள். அறை சுருங்கிப்போனதே என்று அப்பா மட்டும் கடைசிவரை முனகினார். அந்த வருடச் சீசன் வருமானத்தை இழந்த அண்ணாச்சி எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மதினி என்ற குரலும் அதோடு நின்றது.

போன வாரம் சத்தம் கேட்டதும் நான் மாடிக்கு ஓடினேன். பக்கத்து மொட்டைமாடியில் அத்தை நின்றிருந்தார். மேற்கே எழும்பிய புகையைப் பார்த்தபடி திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகன் அந்தப் பக்கம்தான் லோடு ஏற்றப் போவான்.

"அத்தே, அம்மா கீள தட்டுறா," என்றேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு.

"கேக்கலயேய்யா," என்றார், புகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகன் சாயங்காலம் வந்து சேர்ந்தான். வாசலில் அவன் பைக் சத்தம் கேட்கும்வரை அம்மா சாப்பிடவில்லை. பழைய ஒற்றைச் சுவராக இருந்திருந்தால் ஒரு தட்டில் தெரிந்திருக்கும். இப்போது இரண்டு சுவர் இருக்கிறது. நடுவே உள்ள சந்தில் பல்லிதான் ஓடுகிறது.